குளிர்கால இளவரசனுக்கு வைத்த நேர்த்தி

1

இங்கிலாந்தின் ராசா ஒருவரைப் புனிதர் என்று நினைத்துக்கொண்டு ஒரு பனிக்காலம் முழுக்க மன்றாடிய பேசாலைக்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நான் இதை வெட்கப்பட்டு எழுதவில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். அவருக்கு வைத்த நேர்த்திக்கடனைப் போன மாதம், பலர் பார்க்க, ஒரு குறையும் இல்லாமல் தீர்த்துவிட்டேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவு. பேசாலை இருக்கிற மன்னார்த் தீவுக்காவது பாலம் இருக்கிறது, இதற்குக் கப்பலில்தான் வர வேண்டும். பழைய காலத்து ராணி ஒருத்தி கோடையில் பிள்ளைகளோடு வந்து தங்குவதற்காகக் கட்டிய மாளிகை ஒன்று இங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. இப்போது அங்கே ராணியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சனம் சீட்டு வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அங்கேதான் எனக்கு வேலை. முதலில் கூட்டித் துடைக்கிற வேலை, இப்போது அறைக் காவல். நீலச் சட்டை போட்டுக்கொண்டு கதவோரக் கதிரையில் இருந்து, "தயவுசெய்து தொட வேண்டாம்" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் என் உத்தியோகம். ஒரு பேசாலைக்காரிக்குச் சத்தம் போடச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று என் அண்ணர் லண்டனில் இருந்து பகிடி பண்ணுவார்.

2

நான் வந்தது நல்ல குளிர்காலத்தில். தனியாக வந்தேன். சண்டையில் எங்கள் வீட்டையும் வள்ளத்தையும் விட்டுவிட்டு மடு மாதா கோயில் காட்டில் தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்த காலம் அது. என்னை மட்டும் கூப்பிடத்தான் அண்ணருக்கு வழி கிடைத்தது. மகள் ஸ்ரெல்லாவுக்கு அப்போது இரண்டு வயதும் ஆகவில்லை. "நீ முதல்ல போ. போய் எங்களைக் கூப்பிடு. பிள்ளையை நான் பாக்கிறன்" என்று என் கணவர் செபஸ்தியான் சொன்னார். புறப்படுகிற அன்று பிள்ளை நித்திரை. எழுப்பினால் போக மாட்டேன் என்று தெரிந்து எழுப்பாமல் வந்தேன்.

மாளிகையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, வாளியும் தும்புத்தடியுமாக ஒரு நீண்ட அறைக்குள் போனேன். அங்கே அவர்கள் நின்றார்கள். எல்லாம் வெள்ளைப் பளிங்கு, எல்லாம் பிள்ளைகள். பீடத்தில் நிற்கிற வெள்ளைச் சுரூபத்தைக் கண்டால் எங்கள் கைக்கு வேறு என்ன தெரியும்? கையில் இருந்த வாளியை வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டேன்.

ஒரு பெண்பிள்ளை விதை தூவிக்கொண்டு நின்றாள். அவளுக்கு மூத்தவள் அரிவாளும் கதிருமாக நின்றாள். ஒரு பெடியன் முந்திரிகைக் குலையோடு நின்றான். நாலாவது ஆளுக்கு முன்னால் நின்றுவிட்டேன். சின்னப் பெடியன். ஒரு மிருகத்தோலைப் போர்த்தியிருக்கிறான். கையில் விறகுக் கட்டு. காற்றுக்கு எதிரே நடக்கிறவன் மாதிரிக் கொஞ்சம் குனிந்திருக்கிறான். நானும் இப்படித்தான் மடுக் காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டு நடந்தேன், ஒரு கையில் கட்டு, மற்றக் கையில் ஸ்ரெல்லா. நாலு பேரிலும் இவர்தான் எங்கட ஆள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

பீடத்தின் பக்கத்தில் ஒரு பலகையில் ஏதோ எழுதியிருந்தது. அந்த நாளில் எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். வாசிக்கவும் தோன்றவில்லை. அந்தோனியாரைப் பார்க்க ஆர் பலகை வாசிக்கிறார்கள்?

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்த அறையைக் கூட்டுமுன் அவர் முன்னால் நிற்பேன். கால் பெருவிரலைத் தொட்டுக் கும்பிடுவேன். பெயர் தெரியாததால் "விறகுச் சுவாமி" என்று கூப்பிட்டேன். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்காக நேர்ந்தால், கேட்டது கிடைத்த பிறகு, பிள்ளைக்கு அந்தப் புனிதரின் உடுப்பையே தைத்து உடுத்தி, பெருநாளன்று எல்லோரும் பார்க்கச் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்துவோம். பிறகு அந்த உடுப்பைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வருவோம். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் நேர்த்தி தீராது. நானும் அப்படித்தான் நேர்ந்தேன். "என்ர பிள்ளையும் அவரும் வந்து சேர்ந்தால், சுவாமி, பிள்ளைக்கு உம்மட உடுப்பை உடுத்தி உமக்கு முன்னால நிப்பாட்டுவன்."

3

விசா கொடுக்கிற குடிவரவுக் கந்தோருக்கு நான் அனுப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு பீடம் கட்டலாம். கலியாண எழுத்தின் மூலப்பிரதி கேட்டார்கள். அது ஓடும்போது கைவிட்ட அலுமாரிக்குள். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சியில் என் பெயருக்கு ஒரு எழுத்து கூட, கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக் குறைவு. நான்தான் நான் என்று நிரூபிக்க ஒரு சட்டத்தரணி வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை கடிதம் திரும்பி வந்தபோதும் விறகுச் சுவாமியிடம் போய் முறையிட்டேன். கடைசியில் கொஞ்சம் கோபமாகவே பேசத் தொடங்கிவிட்டேன். "கேக்குதோ சுவாமி? கல்லு மாதிரி நிக்காமல் ஏதும் செய்யும்" என்றுகூடச் சொன்னேன்.

பனி விட்டு மரங்கள் துளிர்த்த ஒரு நாள் விசா வந்தது. இரண்டு பேருக்கும்.

அடுத்த காலை ஒரு நல்ல மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போனேன். ஊரில் என்றால் பெட்டியாகக் கொளுத்தியிருப்பேன். பீடத்தின் ஓரத்தில் வைத்து நெருப்புக்குச்சியைத் தட்டினேனோ இல்லையோ, பின்னால் ஒரு அலறல் கேட்டது. அறைகளுக்குப் பொறுப்பான ஜோன். எப்போதும் மெதுவாகப் பேசுகிற மனுசி, அன்றைக்குக் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஜெசிந்தா! நெருப்பு! இந்த வீட்டில் நெருப்பா! என்ன செய்கிறாய்?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "இந்தப் புனிதர். என் புருசனுக்கு விசா எடுத்துத் தந்தார். நன்றி சொல்ல."

ஜோன் என்னைப் பார்த்தாள். சுரூபத்தைப் பார்த்தாள். குச்சியை என் கையிலிருந்து மெல்ல வாங்கி ஊதி அணைத்தாள். பிறகு என்னைக் கதிரையில் இருத்தி, ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னாள். இவர்கள் புனிதர்கள் இல்லை, ராணியின் சொந்தப் பிள்ளைகள். ஒருமுறை அப்பா அம்மாவின் கலியாண நாளுக்கு, வருசத்தின் நாலு பருவங்களாக வேசம் கட்டி வந்து நின்றார்கள். ராணி பூரித்துப்போய் அந்த வேசத்திலேயே பளிங்கில் செய்விக்கச் சொல்லிவிட்டாள். விதை தூவுகிறவள் வசந்தம், கதிர் பிடிக்கிறவள் கோடை, முந்திரிகைக் குலை இலையுதிர்காலம். என் விறகுச் சுவாமி குளிர்காலம். ராணியின் மூத்த மகன். பிறகு வளர்ந்து, தாடி வைத்து, வண்டி வயிறு வைத்து, இங்கிலாந்துக்கு ராசாவானவர்.

"நல்ல மனுசனா?" என்று கேட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்ட கேள்வி அது.

ஜோன் கொஞ்சம் யோசித்தாள். "சாப்பாட்டில் நல்ல விருப்பம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். பிள்ளை வருகிற சந்தோசத்தில் அழுதேனா, ஏமாந்த வெட்கத்தில் அழுதேனா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான். ஜோன் அந்தக் கதையை ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் என் சிநேகிதி. பேச்சுவாக்கில் நான் "ஓம்" என்று தலையாட்டுவதைப் பார்த்து இப்போது அவளும் "ஓம், ஓம்" என்கிறாள்.

இவர், என் செபஸ்தியான், பிள்ளையோடு வந்து இறங்கிய அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விசா குடுக்கிறது ஆரின்ர கந்தோர்? அந்தக் குடும்பத்தின்ர கந்தோர்தானே. நீ சரியான ஆளைத்தானப்பா பிடிச்சிருக்கிறாய்!"

4

பகிடி பகிடியாக இருந்தாலும் நேர்த்தி நெஞ்சில் கிடந்தது. பேசாலைக்குத் தொலைபேசி எடுத்துப் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "புனிதர் இல்லாத ஆளுக்கு வைச்ச நேர்த்தி உன்னைக் கட்டாது பிள்ளை. ஒரு செபமாலை சொல்லிப்போட்டு நிம்மதியா இரு" என்றார். நிம்மதியாகத்தான் இருந்தேன், அன்று பின்னேரம் மச்சாளோடு பேசும் வரைக்கும். இவருடைய அக்கா பிலோமினா. நான் வந்த பிறகு மடுவில் ஸ்ரெல்லாவைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்தவள்.

"சாமி அப்பிடித்தான் சொல்லுவார். நீ கேட்டது கிடைச்சுதோ இல்லையோ?"

"கிடைச்சுது மச்சாள்."

"கேட்டு வாங்கினாப் பிறகு, நீர் அந்த ஆள் இல்லை எண்டு சொல்லித் தப்புறதோ? அது எந்த ஊர் நியாயம்? ஆர் கேட்டுத் தந்தவை எண்டு உனக்குத் தெரியுமே, எனக்குத் தெரியுமே?"

தீர்த்தே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆனால் எப்படித் தீர்ப்பது? ஒளித்துச் செய்தால் அது நேர்த்தி இல்லை, பலர் பார்க்க நிற்க வேண்டும். மாளிகையில் ஒரு பிள்ளைக்கு வேசம் போட்டுச் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினால் அன்றோடு என் வேலை போய்விடும். உடுப்பை அங்கே விட்டு வரவும் ஏலாது. விட்டுப்போன சாமான்களைக் கீழ் மாடி அறையில் போட்டு வைத்து, கேட்டு ஒருவரும் வராவிட்டால் குப்பைக்கு அனுப்புவார்கள். விதியைப் பாருங்கள், அந்தச் சாமான்களைப் பதிகிறவளும் நான்தான்.

வருசங்கள் போயின. ஸ்ரெல்லா வளர்ந்தாள். எங்கள் தமிழ் அவளுக்கு விளங்கும், மறுமொழி மட்டும் இங்கிலீஷில் வரும். "சாப்பிட வா பிள்ளை" என்றால் "இன் எ மினிற்" என்பாள். அந்த நிமிசம் முடிந்ததே இல்லை. பூசைக்கு வருவாள், பாட்டுக்கு வாய் திறக்க மாட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நான் போனால் எனக்கு முன்னால் நடந்து போவாள். என் இங்கிலீஷ் அவளுக்குக் கூச்சம். இவர் ஒரு மீன்கடையில் மீன் வெட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் மகள் மூக்கைச் சுளித்தால் மனுசனின் முகம் வாடிவிடும். கடலில் பிறந்த சாதிக்கு மீன் மணம் ஒரு குறையா என்று அவளை ஏசுவேன். ஏசிவிட்டு நானே போய் யன்னலைத் திறந்துவிடுவேன்.

அவளை மடுவில் விட்டுவிட்டு வந்த நாளில் இருந்ததைவிட, ஒரே வீட்டுக்குள் அவள் தூரமாகப் போகிறாளோ என்று பயந்தேன்.

5

இந்த வருசத் தொடக்கத்தில் ஜோன் ஒரு அறிவித்தலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். கோடையில் ஒரு நாள், அந்தக் காலத்தில் ராணியின் பிள்ளைகள் நின்றதுபோலவே, இந்தத் தீவுப் பிள்ளைகள் நாலு பேர் நாலு பருவங்களாக வேசம் கட்டிச் சுரூபங்களுக்குப் பக்கத்தில் நிற்பார்களாம். சனம் வந்து பார்க்குமாம். பிள்ளைகள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

ஸ்ரெல்லாவுக்குப் பதினொன்று. இதை விட்டால் அடுத்த வருசம் இல்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் கதையை எடுத்தேன். பாதி சொல்லுமுன்பே, "நோ வே, அம்மா" என்றாள். முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்க்கும், விறகு சுமந்துகொண்டு பெடியன் வேசத்தில் நிற்க அவளுக்கு என்ன பைத்தியமா? இழுத்துக்கொண்டுபோய் நிறுத்த அவள் இப்போது கைப்பிள்ளை இல்லை. விருப்பம் இல்லாமல் நின்றால் அதுவும் நேர்த்தி இல்லை. நான் எழும்பிக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன். கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்து நின்றாள். இங்கிலீஷில்தான் கேட்டாள். "அந்தச் சிலையிடம் அப்படி என்னதான் கேட்டீர்கள்? வேலையா? வீடா?"

"உன்னை" என்றேன். "உன்னைத்தான் கேட்டனான், பிள்ளை."

அவளுக்கு அது தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. விசாக் கதையைச் சிரிப்புக் கதையாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறோம், அதில் அப்பா வருவார், மெழுகுதிரி வரும், ஜோன் ஓடி வருவாள். மடுவில் நித்திரையாகக் கிடந்த பிள்ளையை எழுப்பாமல் வந்ததை ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். ஒவ்வொரு காலையும் வாளியை வைத்துவிட்டு அவள் பெயரைச் சொல்லி மன்றாடியதையும் சொன்னேன்.

துணியை எடுத்து நான் கழுவி வைத்த கோப்பையைத் துடைத்தாள். பிறகு, "அப்படியென்றால் நான் இங்கே இருப்பதற்கு அவர்தான் காரணமா?" என்று கேட்டாள்.

"அவரோ, குடிவரவுக் கந்தோரோ, மடு மாதாவோ. ஆரோ ஒராள்."

சிரித்துவிட்டாள். "ஓகே. பட், ஐ வோன்ற் ஸ்மைல்" என்றாள். சிரிக்கத் தேவையில்லை, விறகுச் சுவாமியும் சிரிக்கிற ஆள் இல்லை என்றேன்.

6

இனித்தான் கந்தோர்க் கூத்து. ஸ்ரெல்லாவையும் கூட்டிக்கொண்டு மாளிகைக் கந்தோருக்குப் போனேன். நிகழ்ச்சிக்குப் பொறுப்பான மனுசன் நெட்டையான, நல்ல மரியாதையான ஆள். மரியாதையாகவே மறுத்துவிட்டார். முதலாவது, வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் சேர முடியாது. இரண்டாவது, குளிர்காலம் ஆண்பிள்ளை. வசந்தத்துக்கு வேண்டுமென்றால் அடுத்த முறை யோசிக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும். வாய் திறந்தேன், தமிழ்தான் வந்தது. அந்த நேரம் எனக்கு முன்னால் ஒரு சின்னத் தோள் வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னால் நடந்து போகிற அதே தோள்.

"அந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது?" என்று ஸ்ரெல்லா கேட்டாள். இந்தத் தீவுப் பிள்ளைகள் பேசுகிற அசல் இங்கிலீஷ்.

அவர் தேடி எடுத்தார். வாசித்தார். அது பரிசுச் சீட்டு இழுப்புக்குப் போட்ட சட்டம். "ஓ" என்றார்.

"என் அம்மாவின் ஊரில் மீன்பிடிக்கிறவர்கள் கோயில் கூத்தில் ராணி வேசம் போடுவார்கள். மீசையை வழித்துவிட்டு. ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். அம்மாவின் அப்பா ராசாவாக ஆடினவர், அவருக்கு ஒரு வள்ளம்கூடச் சொந்தமாக இல்லை. இங்கே ராணியின் மகன் விறகு பொறுக்கிறவனாக நிற்கிறார். ஒரு இளவரசன் குளிர்காலமாக வேசம் போடலாம் என்றால், நான் ஒரு இளவரசனாக வேசம் போட ஏலாதா?"

கூத்துக் கதைகளை நான் சமைக்கும்போது சொல்வேன். அவள் காதில் ஏதோ ஒன்றைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பாள். கேட்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். எந்த இங்கிலீஷ் என் பிள்ளையை என்னிடமிருந்து கொண்டுபோகிறது என்று பயந்தேனோ, அந்த இங்கிலீஷ் அன்றைக்கு என் பக்கம் நின்று வழக்காடியது. ஜோன் கதவடியில் நின்று "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நெட்டை மனுசன் பேனாவை எடுத்து ஸ்ரெல்லாவின் பெயரைக் குளிர்காலத்துக்கு எதிரே எழுதினார்.

7

உடுப்புத் துணி ஊரிலிருந்து வந்தது. நேர்த்தி உடுப்புக்குப் புதுத்துணி வேண்டும் என்று மச்சாளே வாங்கி, மடுவுக்குக் கொண்டுபோய், மாதாவின் காலடியில் வைத்தெடுத்து அனுப்பினாள். "ரெண்டு பக்கமும் பிடிச்சு வைப்பம். ராசா கோவிச்சாலும் மாதா பாத்துக்கொள்ளுவா" என்றாள். மண்ணிறத் தடித்த துணி. மிருகத்தோலுக்கு என்ன செய்வதென்று யோசித்து, ஒரு பழைய மயிர்க் கம்பளத்தை வெட்டித் தோளுக்குத் தைத்தேன். ஒவ்வொரு நாளும் மதிய இடைவேளையில் போய்ப் பளிங்கு மடிப்புகளைப் பார்த்து வந்து, அதே மடிப்பைத் துணியில் பிடித்தேன். இத்தனை வருசமாகப் பார்த்தும் அவருடைய உடுப்பில் ஒரு பக்கம் கிழிந்திருப்பதை அப்போதுதான் கண்டேன். நானும் கிழித்தேன். புதுத்துணியைக் கிழிக்கக் கை கூசியது.

விறகுக்கு மாளிகைத் தோட்டத்தில் விழுந்து கிடந்த சுள்ளிகளைக் கேட்டோம். அதற்கு வேறு கந்தோர், வேறு படிவம். இவர் அலுத்துப்போய் ஒரு காலை கடற்கரைக்குப் போய், அலை ஒதுக்கிய கட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். வலை கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினார். ஸ்ரெல்லா பக்கத்தில் இருந்து அந்த முடிச்சைக் காட்டித் தரச் சொன்னாள். தகப்பனின் கைக்குக் கிட்ட மூக்கை வைத்துக்கொண்டு இருந்தாள், சுளிக்கவில்லை. மனுசன் நாலு முறை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக் காட்டினார்.

8

அந்த நாள் வந்தது. நல்ல வெயில். நீண்ட அறை நிறையச் சனம், விறாந்தையிலும் சனம். எனக்கு வேலை நாள்தான், நீலச் சட்டையோடு என் கதவடியில் நின்றேன். இவர் கலியாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

சுரூபங்களுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி மூடிய நாலு பெட்டிகள். ஒவ்வொரு பிள்ளையாக வந்து ஏற வேண்டும், வயலின் வாசித்து முடியும் வரை அசையாமல் நிற்க வேண்டும். வசந்தம் வந்தாள், கோடை வந்தாள், இலையுதிர்காலம் வந்தான். எல்லாம் வடிவான பிள்ளைகள். திரைக்குப் பின்னால் என் பிள்ளை நிற்கிறாள் என்று தெரிந்ததும் இவர் குனிந்துகொண்டு மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார். ராசா சபைக்கு வரும்போது எங்கள் ஊரில் பாடுகிற வரவுப் பாட்டு. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரை விலகியது. ஸ்ரெல்லா வந்தாள். வெறுங்கால். கிழிந்த உடுப்பு. தோளில் தோல், கையில் கட்டிய விறகு. ஏறி நின்றாள். கொஞ்சம் குனிந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அசையவில்லை.

கோடைக்கு மூக்கில் அரித்தது, சொறிந்தாள். இலையுதிர்காலம் தாயைத் தேடிக் கண்ணைச் சுழற்றினான். வசந்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளிர்காலம் மட்டும் நின்றது. பளிங்குப் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே குனிவில், ஒரே விறகோடு. சனம் பேசுவதை நிறுத்திவிட்டது. மடுவில் நான் விட்டுவந்த குழந்தையை, அந்த அறையில் ஒவ்வொரு காலையும் பெயர் சொல்லிக் கேட்ட குழந்தையை, கேட்ட இடத்திலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சந்தோசம் எனக்கு வந்ததில்லை.

அந்த நேரம் முன்னால் நின்ற ஒரு சின்னக் குழந்தை, இது சிலையோ ஆளோ என்று பார்க்க, ஸ்ரெல்லாவின் கால் பெருவிரலை நோக்கிக் கையை நீட்டியது.

"தயவுசெய்து தொட வேண்டாம்" என்றேன்.

சொல்லிப் பழகிய வாய். ஆனால் இவ்வளவு பெருமையாக அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்ரெல்லாவின் உதடு ஒரு பக்கம் துடித்தது. சிரிக்க மாட்டேன் என்று சொன்னவள் அல்லவா, அடக்கிவிட்டாள். வயலின் முடிந்து கைதட்டல் எழுந்தபோது முதலில் எழும்பி நின்றவர் இவர்.

9

இனி உடுப்பு மிச்சம். அதை அங்கே விட்டு வந்தால்தான் நேர்த்தி முடியும். இரண்டு கிழமையாக எனக்கு அதே யோசனை. பீடத்துக்குப் பின்னால் ஒளிக்கலாமா, பழைய அலுமாரிக்குள் தள்ளலாமா என்றெல்லாம் திட்டம் போட்டு வைத்திருந்தேன். பிள்ளை உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். மடித்த உடுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபோது நெட்டை மனுசன் எங்களை நோக்கி வந்தார். என் திட்டம் தெரிந்துவிட்டதோ என்று உடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "திருமதி ஜெசிந்தா, ஒரு விசயம் கேட்கலாமா? கேட்பது சரியோ தெரியவில்லை. மற்ற மூன்று உடுப்பும் வாடகைக்கு எடுத்தவை. இது ஒன்றுதான் இந்தச் சிலையைப் பார்த்தே தைத்தது. இதை இந்த வீட்டுக்குத் தருவீர்களா? இங்கேயே வைத்திருக்க விரும்புகிறோம்."

நான் செபஸ்தியானைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். நெட்டை மனுசன் பயந்துபோய், "இது உங்களுக்கு அருமையானது என்று தெரியும், கட்டாயம் இல்லை" என்று தொடங்கினார்.

ஸ்ரெல்லா என் கையைத் தொட்டாள்.

"குடுங்கோ அம்மா" என்றாள். தமிழில். "நேர்த்தி முடிஞ்சுது."

கொடுத்தேன். அன்றிரவு மச்சாளுக்குச் சொன்னேன். "பாத்தியே, தானே கேட்டு வாங்கியிருக்கிறார்" என்றாள்.

10

இப்போது அந்த உடுப்பு நீண்ட அறையில், குளிர்கால இளவரசனுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. விறகுக் கட்டும் இருக்கிறது, இவருடைய முடிச்சோடு. கீழே ஒரு பலகை. ஸ்ரெல்லா எழுதிக் கொடுத்ததையே போட்டிருக்கிறார்கள். அதில் மன்னார் தீவு என்று இருக்கிறது, மடு என்று இருக்கிறது, நேர்த்தி என்ற சொல்லும் அப்படியே இருக்கிறது. அந்த அறையைத் துடைக்க வருகிற புதுப் பெண்ணுக்கு அதை வாசித்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டாமல், ஒரே மூச்சில்.

போன கிழமை, தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா வந்தார். பலகைகளை வாசிக்காத ஆள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். பளிங்குப் பிள்ளையைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், கண்ணாடியோடு முகத்தை ஒட்டி மடிப்புகளைப் பார்த்தார். பிறகு என் கதிரையை நோக்கி வந்தார்.

"எவ்வளவு அழகாகப் பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள். இதை எந்த இளவரசி உடுத்தினாள்?"

நான் கதிரையை விட்டு எழும்பினேன். நீலச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"என் மகள்" என்றேன்.